நாவின் நடுவுநிலைமை

மனிதன் ஒரு நாளில் வழங்கும் தீர்ப்புகளுள் மிக விரைவானது நாக்கு வழங்கும் தீர்ப்பாகும். முதல் மிடறு தொண்டைக்குள் இறங்குவதற்கு முன்பே ‘நன்று’ என்றோ ‘தீது’ என்றோ அது சொல்லி முடித்துவிடுகிறது. சாட்சி விசாரணை இல்லை, எதிர்த்தரப்பு வாதம் இல்லை, மேல்முறையீடும் இல்லை. வேறெந்தத் துறையிலேனும் இத்தகைய நீதிபதி ஒருவர் அமர்ந்திருந்தால் நாம் பொறுப்போமா? நாக்கின் மட்டில் பொறுத்துக்கொள்கிறோம். ‘சுவை அவரவர் விருப்பம், அதில் அறம் எங்கே வந்தது?’ என்று கேட்டு அமைதி அடைந்துவிடுகிறோம்.

அறம் அங்கேயும் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து. பிறந்த ஊரை விட்டுத் தலைநகருக்கும் பிற மாநிலங்களுக்கும் வந்து வாழும் நம் போன்றோர் இதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். அயலாருடைய அடுப்பின் மணத்தை நாம் நுகர்ந்தும், நம் அடுப்பின் மணத்தை அயலார் நுகரவிட்டும் அன்றோ நாம் வாழ்கிறோம்?

இது பற்றி என்னைச் சிந்திக்கச் செய்தவர், தில்லியில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் பெரியவர் ஒருவர். கும்பகோணத்துப் பக்கத்தவர். நாற்பது ஆண்டுகளாக இதே தொழில். பச்சைக்கொட்டை உருளையில் சுழன்று, வைக்கோல் நிறம் பெற்று, பழுப்பேறி, முதல் வெடிப்பொலி எழுப்பும் கணத்தைக் காதாலும் மூக்காலும் அறிபவர். 100 கிலோ பச்சைக்கொட்டை வறுபட்டு வெளிவரும்போது 85 கிலோவுக்கு மேல் தேறுவது அரிது. எஞ்சியது ஆவியும் புகையுமாய்ப் போய்விடும். அந்தக் கணக்கும் அவருக்கு மனப்பாடம். இத்தகைய நுட்பம் பழகிய நாக்கு, வெளியூரில் கிடைப்பதை எல்லாம் இகழ்ந்து தள்ளும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். கொட்டை வாங்கவும், தீர்த்த யாத்திரைக்கும், உறவினர் திருமணங்களுக்குமாக நாட்டின் பெரும்பகுதியைச் சுற்றி வந்த அவருடைய கருத்துகளோ இதற்கு நேர்மாறானவை.

சென்னைக்குப் போகும் இரயிலில் காகிதக் குவளையில் கிடைக்கும் காப்பியைக் கண்டு நம்மவர் முகம் சுளிப்பது வழக்கம். கரையும் காப்பித்தூளில் சுடுபாலை ஊற்றித் தருவதுதானே அது! பெரியவர் அதை அமைதியாகப் பருகுவார். “தம்பி, இது காப்பியின் வற்றல். வற்றல் குழம்பு வைத்தவளிடம் போய்ப் பச்சைக்காய் எங்கே என்று கேட்பாயா? வற்றல் வற்றலாக நன்றாயிருக்கிறதா என்று மட்டும் பார்” என்பார். வடித்தெடுத்த காப்பிச் சாற்றைச் சுண்டவைத்து, வெப்பக்காற்றில் தூளாக உலர்த்துவதே அத்தொழில். அவர் தந்த பெயர் எவ்வளவு பொருத்தம்!

கொல்கத்தாவில் கல்லூரித் தெருக் காப்பி இல்லத்தைப் பற்றி அவரிடம் கேட்டதுண்டு. காப்பி வாரியம் நடத்திவந்த கடைகள் மூடப்பட்டபோது, வேலையிழந்த ஊழியர்கள் 1957 முதல் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாமே ஏற்று நடத்திய வரலாறு பலரும் அறிந்ததே. கல்லூரித் தெருக் கடையும் அவ்வாறு ஊழியர் கூட்டுறவில் நடப்பதுதான். பால் கலவாத காப்பிக்கு அங்கே ‘இன்ஃபியூஷன்’ என்று பெயர். “கும்பகோணத்து நாக்குக்கு அது நீர்த்ததுதான். ஆனால் ஒரு கோப்பைக்குக் காசு கொடுத்துவிட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து கவிதையும் அரசியலும் பேசுகிறார்கள். எழுந்து போ என்று எவனும் சொல்வதில்லை. அங்கே விற்பது காப்பி மட்டும் அன்று, பொழுதும் சேர்த்துத்தான். அதையும் சேர்த்து எடைபோட வேண்டும்” என்றார்.

காஷ்மீரத்தில் அவருக்கு உப்பிட்ட தேநீர் தந்தார்களாம். பச்சைத் தேயிலையைச் சோடா உப்புடன் நெடுநேரம் கொதிக்க வைத்துப் பால் சேர்த்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். ‘நூன் சாய்’ என்பர். நூன் என்றால் அம்மொழியில் உப்பு. முதல் மிடறு அவர் தொண்டையில் நின்றுவிட்டது. தேநீர் என்று எண்ணிக் குடித்ததால் வந்த வினை அது என்றார். நீர்மோரில் உப்பில்லையா, கஞ்சியில் உப்பில்லையா என்று எண்ணிக்கொண்டு இரண்டாம் மிடறு குடித்தாராம், இறங்கிற்று. குங்குமப்பூவும் வாதுமையும் இட்ட மற்றொரு பானத்தை அங்கே ‘கஹ்வா’ என்கிறார்கள். அரபு மொழியில் காப்பிக்கு வழங்கும் பெயரும் அதுவே. அங்கோ அது பச்சைத் தேயிலையில் ஆவது.

பெயரைப் பற்றி அவர் சொன்ன ஒன்று என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. வடநாட்டுத் திருமணங்களில், கரையும் தூளிட்ட பாலை நீராவியால் நுரைக்கச் செய்து, மேலே கோக்கோத் தூளைத் தூவி ‘எஸ்பிரஸோ’ என்று தருவர். இத்தாலியருடைய எஸ்பிரஸோ, அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி இறக்கும் சிறு கோப்பைக் கடுங்காப்பி. எனவே இது போலிப் பெயர் அல்லவா என்று நான் கேட்டேன். பெரியவர் சிரித்தார். “நாம் வடித்து இறக்குவதை டிகாக்ஷன் என்கிறோமே, ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கொதிக்க வைத்து எடுத்த கஷாயம் என்று பொருளாம். நாம் ஃபில்டரில் கொதிக்கவா வைக்கிறோம்? வெந்நீரை ஊற்றி வடியவிடுகிறோம். கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் ஒரே பொருளில் புரிந்துகொண்டால் அந்தப் பெயரில் பொய் இல்லை, தம்பி.”

இவற்றைத் தொகுத்து நோக்கினால் அவருடைய முறை விளங்கும். நாம் ‘நன்றாயில்லை’ என்னும் ஒரே சொல்லில் மூன்று வேறுபட்ட குற்றச்சாட்டுகளை அடக்கிவிடுகிறோம். ‘எனக்குப் பழக்கமில்லை’ என்பது ஒன்று. ‘செய்தவர் செம்மையாகச் செய்யவில்லை’ என்பது மற்றொன்று. ‘என்னை ஏமாற்றிவிட்டார்’ என்பது மூன்றாவது. அலுவலகத்தில் கோப்பு எழுதும் எங்களைப் போன்றவர்கள் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வோம். வேறு மாநிலத்திலிருந்து வரும் பட்டியல் வேறு படிவத்தில் இருந்தால் அது பழக்கமின்மை. படித்துப் புரிந்துகொள்வது எங்கள் கடமை. கூட்டலில் பிழை இருந்தால் அது குறை. திருத்தி அனுப்பச் சொல்வோம். ரசீதே போலியானால் அது பொய், விசாரணைக்குரியது. மூன்றுக்கும் ஒரே குறிப்பை எழுதும் எழுத்தரை எவரும் நேர்மையாளர் என்று சொல்லமாட்டார்.

‘அப்படியானால் எல்லாமே சரிதானா? நல்லது கெட்டது என்பதே இல்லையா?’ என்று கேட்கலாம். இல்லை. தீய்ந்தது எங்கும் தீய்ந்ததே. திரிந்த பால் எந்த மாநிலத்திலும் திரிந்த பாலே. குஜராத்தில் பருப்பில் வெல்லம் இடுவது அந்நாட்டு முறை. கன்னட நாட்டிலும் சாம்பாரில் வெல்லம் உண்டு. அதைக் குறை என்பது அறியாமை. ஆனால் அதே பருப்பு வேகாமல் இலைக்கு வந்தால் அது குஜராத்தியின் நாவுக்கும் குறைதான். வங்காளத்துக் கடுகெண்ணெயின் நெடி நமக்குப் புதிது. அதை நன்றாகப் புகையும்வரை காய்ச்சாமல் காயைப் போட்டால் வங்காளியும் முகம் சுளிப்பார். ஆகவே அளவுகோல் உண்டு. அது செய்தவருடைய நோக்கத்திலிருந்தும் மரபிலிருந்தும் எடுக்கப்பட வேண்டும். நம் வீட்டுப் படியைக் கொண்டுபோய் அயலார் வீட்டு நெல்லை அளத்தல் ஆகாது.

மூன்றாவதாகிய பொய்யைப் பற்றிப் பேசும்போது மட்டும் பெரியவரின் குரல் உயரும். சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. வறுத்து அரைத்துக் காப்பியில் கலந்தால் நிறமும் கெட்டியும் தரும். கலப்பது குற்றமன்று. கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்றும், விகிதத்தைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஓர் ஊரில் ‘கலப்பற்ற காப்பி’ என்று அச்சிட்ட பொட்டலத்தை அவர் வாங்கினாராம். ஒரு சிட்டிகைத் தூளைக் குளிர்ந்த நீரில் தூவினார். காப்பித்தூள் மிதக்கும், சிக்கரி நிறக்கோடு இழுத்துக்கொண்டே கீழே இறங்கும். தம்ளர் முழுதும் கோடுகள்! “அவன் கலந்ததற்கு நான் கோபப்படவில்லை. சொல்லாததற்குக் கோபப்பட்டேன்” என்றார்.

இங்கே கூரிய வினா ஒன்று எழுகிறது. குடிப்பவர் மகிழ்ச்சியாகவே குடிக்கிறார், வேறுபாடு அவர் நாக்குக்குத் தெரியவில்லை, உடலுக்கும் தீங்கில்லை. அங்ஙனமாயின் அவர் இழந்தது யாது?

இவ்வினா பெரியவருக்கு ஏட்டளவில் எழுந்ததன்று, கடையிலேயே எழுந்தது. 2024-இலும் 2025-இலும் உலகச் சந்தையில் காப்பிக்கொட்டையின் விலை பெரிதும் ஏறியது. அவர் முன் இரு வழிகள் இருந்தன. 20 விழுக்காட்டுச் சிக்கரியை ஓசையின்றி 30 ஆக்கிப் பழைய விலைக்கே விற்பது ஒன்று. பெரும்பாலான வாடிக்கையாளர் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். ‘இப்போது காப்பி இன்னும் திக்காக இருக்கிறது’ என்று சிலர் பாராட்டியும் இருப்பர். விகிதத்தை மாற்றாமல் விலையை ஏற்றுவது மற்றொன்று. அவர் விலையை ஏற்றினார். பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த குடும்பங்கள் சில வேறு கடைக்குப் போயின. மகனுக்கு அதில் வருத்தம். வாடகையும் கூலியும் கொடுக்கிறவன் அவன் அன்றோ? சிக்கரியைக் கூட்டி, அதைப் பலகையிலும் எழுதிவிடலாமே என்றான் மகன். அதில் பொய் இல்லை என்று ஒப்புக்கொண்டு, அதைக் குறைந்த விலையில் தனிக் கலவையாக வைக்க இசைந்தார் தந்தை. ஆனால் பழைய பெயரில் புதிய விகிதத்தை விற்க மட்டும் இசையவில்லை. “கண்டுபிடிக்கத் தெரிந்தவன் தன்னைக் காத்துக்கொள்வான். தெரியாதவனுடைய நாக்கு என்னிடம் அடைக்கலமாக இருக்கிறது” என்பது அவர் சொன்ன காரணம்.

இதுவே அவ்வினாவுக்கு விடையும் ஆகும். ஏமாற்றப்பட்டவர் இழந்தது சுவையை அன்று, தேர்ந்துகொள்ளும் உரிமையை. அவர் அறியாமலே அவருக்காக வேறொருவர் முடிவு செய்துவிட்டார். அறியாதவரிடத்தும் அறிந்தவரிடத்தும் ஒரே சொல்லைச் சொல்வது எதுவோ அதுவே வாணிக அறம்.

பொய்யிடத்து இவ்வளவு கடுமை காட்டுபவர் பழக்கமின்மையிடத்து அவ்வளவு பொறுமை காட்டுவதேன்? பழக்கம் எவ்வளவு இளையது என்பதை அவர் அறிவார். கைப்பை விரும்பிப் பிறக்கும் குழந்தை இல்லை. அறுசுவையுள் கடைசியாகக் கற்றுக்கொள்வது கைப்பே. நாம் ‘நம்முடையது’ என்று மார்தட்டும் காப்பியும் நெடுவழி நடந்து வந்த விருந்தாளி. மெக்கா யாத்திரையிலிருந்து திரும்பிய பாபா புதன் என்னும் ஞானி, பதினேழாம் நூற்றாண்டில் யேமனிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது மரபு. தமிழ்நாட்டு வீடுகளில் காலை நீராகாரத்தைத் தள்ளிக் காப்பி இடம்பிடித்தது, ஏறத்தாழ நூறு நூற்றிருபது ஆண்டுக் கதைதான். அப்போது அதைப் பழித்தவர்கள் ஏராளம் என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் காட்டியுள்ளார். மிளகாயும் போர்த்துக்கீசியர் வழியே வந்த அமெரிக்கப் பயிர். மிளகை ஒத்த காய் என்று நம் முன்னோர் பெயரிட்டு ஏற்றுக்கொண்டனர். அவர்கள் முதல் மிடற்றிலேயே தீர்ப்பெழுதியிருந்தால் இன்று நமக்குக் குழம்பும் இல்லை, காப்பியும் இல்லை.

‘இவ்வளவு சிறிய செய்திக்கு இத்தனை ஆராய்ச்சியா?’ என்று சிலர் எண்ணலாம். சிறிய செய்தியன்று. ‘இதை எப்படிக் குடிக்கிறார்கள்?’ என்னும் வினா, ‘இவர்கள் என்ன மனிதர்கள்!’ என்னும் வியப்பாக மாற நெடுநேரம் ஆவதில்லை. உணவு விடுதிப் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அழிக்கக் கோரி 1957-இல் பெரியார் சென்னையில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளில் சிலருக்குத் தனிக்குவளை வைத்த இரட்டைக் குவளை முறையும் நம் ஊர்களில் இருந்ததுதான். குவளை சிறியது, அதில் ஊற்றிய இகழ்ச்சி சிறியதன்று.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் அந்த இகழ்ச்சியை மறுபுறத்திலிருந்தும் அறிவோம். தயிர்சோற்றைக் கையால் பிசைந்து உண்பதைக் கண்டு பள்ளியில் சிரித்தார்கள் என்று கண் கலங்கி வந்த பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. அதே வீட்டில், பஞ்சாபிலிருந்து வந்த மருமகள் தூளையும் சர்க்கரையையும் கரண்டியால் அரைமணி நேரம் அடித்து நுரைக்கச் செய்து கொண்டுவரும் காப்பியை, ‘இதெல்லாம் ஒரு காப்பியா?’ என்று டபராவோடு ஒதுக்குகிறோம். அவள் கை வலித்தது அந்தச் சொல்லில் மறைந்துபோகிறது. ‘எனக்குப் பழக்கமில்லை, அம்மா, ஆனால் நன்றாக அடித்திருக்கிறாய்’ என்று சொன்னால் அது பொய்யும் ஆகாது, புண்ணும் ஆகாது.

நம் சுவையை நாம் கைவிட வேண்டும் என்பதில்லை. பெரியவர் எங்கே சென்றாலும் பெட்டியில் பித்தளை ஃபில்டர் ஒன்று இருக்கும். விடியற்காலையில் அவருக்கு அவருடைய காப்பிதான் வேண்டும். அதன்பின் அந்த நாள் முழுதும் அந்தந்த ஊரார் தருவதை அவர் குடிப்பார். தன் நாவுக்குத் தாயகம் இருப்பது குற்றமன்று. அதையே உலகுக்கெல்லாம் சட்டமாக்குவதுதான் குற்றம்.

வள்ளுவர் நடுவுநிலைமையைச் சொல்ல வந்தபோது துலாக்கோலை உவமையாக்கினார். துலாக்கோலுக்குத் தனக்கென்று ஓர் எடை உண்டு. ஆனால் நிறுக்கும்போது அதை எந்தத் தட்டிலும் ஏற்றுவதில்லை. நாமும் அயலார் கோப்பையை ஏந்தும்போது முதல் மிடற்றுக்கும் முதல் சொல்லுக்கும் இடையே சற்றே நின்று, இது பழக்கமின்மையா, குறையா, பொய்யா என்று கேட்டுக்கொள்வோமாக. பொய்யாயின் அஞ்சாமல் சொல்வோம். குறையாயின் அன்போடு சொல்வோம். பழக்கமின்மையாயின் இரண்டாம் மிடறு குடிப்போம்.