யார் வினை, யார் மூச்சு?

பழைய அம்பாசடர் காரைப் புதுப்பிக்க நினைப்பவருக்கு முதல் வேலை, அடுக்கடுக்காக ஏறியிருக்கும் பெயின்ட்டையும் பட்டியையும் துருவையும் எடுத்து வெறும் தகட்டை வெளியே கொண்டுவருவது. கையால் தேய்த்தால் நாள்கணக்காகும். கம்ப்ரசர் காற்றோடு துகளைக் கலந்து நாசில் வழியாகப் பீய்ச்சி அடித்தால் சீக்கிரம் முடிந்துவிடும். எந்தத் துகளைப் போடுவது என்பதை வண்டிக்காரரும் பட்டறை முதலாளியும் பேசி முடிக்கிறார்கள். மலிவாகக் கிடைப்பது சலித்த மணல். பேச்சு அதோடு நின்றுவிட்டால், மணலின் மீதி விலையைக் கட்டப்போகிறவர் ஹோஸைப் பிடித்து நிற்கும் இளைஞர். அந்தப் பேச்சில் அவருக்கு இடமே இருந்திருக்காது.

வினையின் பயன் செய்தவரையே வந்து சேரும் என்பது சைவம், வைணவம், சமணம், பௌத்தம் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வகையில் பொதுவான நம்பிக்கை. உலகில் நியாயம் உண்டு என்ற எண்ணமே அதில்தான் ஊன்றி நிற்கிறது. மணலடிக்கும் பட்டறையில் அந்தக் கணக்கு பிசகுகிறது. முடிவெடுத்தவர் ஒருவர்; அதை மூச்சில் வாங்குகிறவர் வேறொருவர்; நடுவே சில சமயம் பத்து, பதினைந்து ஆண்டுகள். அப்படியானால் இந்த வினை யாருடையது?

பதில் தேடுமுன் நுரையீரலுக்குள் நடப்பதைப் பார்த்துவிட வேண்டும். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. தகட்டில் மோதும் வேகத்தில் அது நொறுங்குகிறது. தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான்; இந்தத் தூளில் 5 மைக்ரானுக்கும் சிறியவை ஏராளம். அவை கண்ணுக்குத் தெரியாமலே நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். விழுங்கி அழிக்க வரும் செல்கள் தாமே அழிய, சுற்றிலும் தழும்பு படிகிறது. புதிதாக உடைந்த படிகம் பழைய தூசியைவிடக் கொடியது. இந்த நோய்தான் சிலிக்கோசிஸ். இதைக் குணமாக்க மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரும். காசநோய்க்கும் வழி திறந்துவிடும்.

இது புதிதாகத் தெரிந்த செய்தி அல்ல. பெஞ்சமின் சூ டில்மன் என்ற அமெரிக்கர் மணலடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது 1870-இல். பிரிட்டன் 1949-இல் கொண்டுவந்த விதிகளிலேயே வார்ப்படம் போன்ற பொருள்களை மணலடித்துச் சுத்தம் செய்வதற்குத் தடை வந்தது. அமெரிக்காவின் தொழில்நலத் தேசிய நிறுவனம் 1974-இல் அதே போன்ற தடையைப் பரிந்துரைத்தது. துருக்கியில் ஜீன்ஸ் துணிக்குப் பழசான தோற்றம் தர மணலடித்த இளைஞர்கள் சில ஆண்டுகளிலேயே மூச்சுத் திணறி மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். 2009-இல் அந்நாடு துணிகளுக்கு மணலடிப்பதைத் தடை செய்தது. இந்தியாவிலும் பல மாநிலத் தொழிற்சாலை விதிகள் சிலிக்கா உள்ள துகளைப் பீய்ச்சக் கூடாது என்கின்றன. ஆனால் நான்கைந்து பேர் வேலை செய்யும் கார் பட்டறை பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதில்லை.

இனி, வினை யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி சுத்தா என்றொரு பகுதி. நாளந்தாவில் நடக்கும் வாதம் அது. நிகண்ட நாதபுத்தர், அதாவது மகாவீரர், தரப்பின் நிலைப்பாடு: உடலால் செய்யும் தீங்கே மிகப் பெரியது. புத்தரோ மனத்தால் செய்யும் வினையே கனமானது என்கிறார். பட்டறை முதலாளி புத்தரின் பக்கம் ஒதுங்கப் பார்க்கலாம்: “அந்தப் பையனுக்குக் கெடுதல் செய்ய நான் நினைக்கவே இல்லையே.” உண்மைதான், நினைத்திருக்க மாட்டார். ஆனால் பௌத்தம் தீவினையின் மூன்று வேர்களில் மோகத்தையும், அதாவது அறியாமையையும், சேர்த்தே வைக்கிறது. கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் ஒன்றைக் கேட்காமலே இருப்பது அந்த வேரிலிருந்து முளைப்பதுதான். தெரிந்த பிறகும் மணலையே கொட்டினால், இரண்டு தரப்புக்கும் நடுவே வாதிட எதுவும் மிச்சமில்லை.

ஆகவே அறம் இங்கே துகளின் பெயரில் தொடங்குகிறது. காரின் மேல்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்தது. அலுமினியம் ஆக்சைடின் கடினம் மோ அளவுகோலில் 9. சேஸிஸ் போன்ற தடித்த பாகத்துக்கு ஏற்றது, பானட்டில் அழுத்தி அடித்தால் தகடு நெளிந்துவிடும். கண்ணாடி மணி மென்மையானது. அலுமினியப் பாகங்களைப் பளபளப்பாக்கும். சோடா உப்பு அதைவிட மென்மை. பெயின்ட்டை எடுக்கும், துருவை எடுக்காது, நன்றாகக் கழுவாவிட்டால் புதுப் பெயின்ட் பிடிக்காது. நிலக்கரிக் கசடில் படிகச் சிலிக்கா குறைவு. ஆனால் பெரிலியம், ஆர்செனிக் போன்றவை சிறிதளவு இருக்கலாம். மணல் இல்லை என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது.

கார்னெட் பலரும் பரிந்துரைப்பது. கடினமும் உண்டு, படிகச் சிலிக்காவும் மிகக் குறைவு. அந்தச் செந்நிற மணல் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கடற்கரைகளிலிருந்து பல நாடுகளுக்குப் போனது. முறைகேடுகள் பற்றிய புகார்களுக்குப் பிறகு 2013-இல் தமிழக அரசு கடற்கரைத் தாது மணல் எடுப்பதை நிறுத்தியது. எங்கோ ஒரு தொழிலாளியின் நுரையீரலைக் காத்த துகளுக்காக இங்கே ஒரு கரை தோண்டப்பட்டது. குற்றமே இல்லாத துகள் கிடைப்பது அரிது. தீங்கு குறைந்ததைத் தேடிக்கொண்டே இருப்பதைத்தான் மனிதரிடம் அறம் கேட்க முடியும்.

எந்தத் துகளாக இருந்தாலும் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். கைக்குட்டை போதாது, சாதாரண மாஸ்க்கும் போதாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முழுத் தலைக்கவசம் வேண்டும். அந்தக் காற்றை இழுக்கும் வாய், எஞ்சின் புகைக்குப் பக்கத்தில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். கைப்பிடியை விட்டதும் பீய்ச்சல் தானாக நிற்கும் விசை வேண்டும். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. “என் கொட்டகை, என் உடம்பு” என்று தானே அடிக்கும் ஆர்வலருக்கும் இது பொருந்தும்: சட்டையில் ஒட்டிய தூசி அவர் குழந்தையின் மூச்சிலும்தான் ஏறுகிறது.

முப்பத்தைந்து வயதில் மூச்சு வாங்கும் மகனைப் பார்த்து ஒரு தாய் “தலைவிதி” என்றால் அவரை யாரும் மறுக்க வேண்டாம். அந்தத் துயரத்துக்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது. ஆனால் மற்றவர்கள் அதற்குள் ஒளிந்துகொள்ளக் கூடாது. திருக்குறள் அறத்துப்பாலின் கடைசி அதிகாரமாக ஊழை வைக்கிறது. 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையை, அதாவது விடாமுயற்சியை, பேசுகிறது. ஊழோடு பேச்சை முடித்துக்கொள்ளாத மரபு இது. மணல் மூட்டையை வாங்கிய ரசீதில் பெயர் இருக்கும்போது, அதை ஊழ் என்று சொல்வது பொய்.

பழைய காரைப் பட்டறைக்குக் கொண்டுபோகும் ஒவ்வொருவரும் கேளுங்கள்: என்ன துகள் அடிக்கிறீர்கள்? ஹோஸ் பிடிப்பவர் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்? நல்ல துகளுக்கும் கவசத்துக்கும் ஆகும் கூடுதல் பணத்தை உங்கள் பில்லிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.