ஒளித்து வைத்த காமிரா



2022ஆம் ஆண்டில், புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோர ஊரொன்றில் ஜும்ஆ முடிந்ததும் ஒரு வாலிபர் நம்மை நெருங்கினார். “ஹஜ்ரத்! எங்கள் வார்டு உறுப்பினர் ஒரு கையெழுத்துக்குப் பணம் கேட்கிறார். செல்போனைச் சட்டைப் பையில் வைத்துப் பதிவு செய்தால் குற்றமாகுமா?” என்றார். உடனே பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை.

பிறர் குறையைத் துருவுவதைத் திருமறையின் 49ஆம் அத்தியாயம் தடுக்கிறது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு சுவரேறிக் குதித்து, வீட்டினுள் மது அருந்தியவரைப் பிடித்தார்கள். தாம் செய்த பாவம் ஒன்றுதான். உளவு பார்த்தது, வாசல் வழி வராதது, ஸலாம் சொல்லாதது என்று கலீபா செய்தவையோ மூன்று என்றார் அவர். உமர் (ரலி) அவர்கள் அவரை விட்டுத் திரும்பியதாகக் கிதாபுகளில் காண்கிறோம்.

ஆனால் அது அவருடைய வீடு. ஜகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர், வந்ததில் ஒரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பு என்று ஒதுக்கிக்கொண்டார். நாயகம் (ஸல்) அவர்கள் அவரிடம் கணக்குக் கேட்டார்கள். பிறகு மிம்பரில் ஏறி, பெயரைச் சொல்லாமலே, பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வருமா என்று எல்லோர் முன்னும் வினவினார்கள். பதவியால் வந்த பணம் அந்தரங்கம் ஆகாது.

2005 டிசம்பரில், பாராளுமன்றத்தில் கேள்வி கேட்கப் பணம் வாங்கிய 11 உறுப்பினர்களைக் கோப்ராபோஸ்ட் நிருபர்கள் மறைகாமிராவில் பிடித்தனர்; ஆஜ் தக் தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. 23ந் தேதி 11 பேரும் பதவி இழந்தனர். மக்கள் அமானிதமாகத் தந்த நாவை விற்றவர்கள்! அவர்களுக்காக நாம் வருந்தவில்லை. எனினும் நிருபர்கள் இல்லாத ஒரு சங்கத்தின் பெயரைச் சொல்லிப் பணத்தை நீட்டினார்களே, அது நம் நெஞ்சை உறுத்துகிறது. 2001ல் தெஹல்காவினர் ஆயுத வியாபாரிகளாக நடித்தபோது, ராணுவ அதிகாரிகளுக்கு விலைமாதரையும் ஏற்பாடு செய்தது பின்னர் வெளியாயிற்று. பாவத்தைக் காட்டப் புதுப் பாவத்தை விதைப்பதா? இதை நம்மால் ஏற்க முடியாது.

வாலிபரிடம் சொன்னோம்: “தம்பி, அவராகக் கேட்பதைப் பதிவு செய்யுங்கள்; அது உங்களுக்குச் சாட்சி. நீங்களாக நோட்டை நீட்டி ஆசை காட்டாதீர்கள். அவர் வீட்டினுள் காமிரா நுழைய வேண்டாம். பதிவை லஞ்ச ஒழிப்புத் துறையிடம் ஒப்படையுங்கள். 2018ல் திருத்திய சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தாக வேண்டும்.”

“வாட்ஸ்அப்பில் போட்டால் ஊரே பார்க்குமே, ஹஜ்ரத்?”

2007ல் டில்லியில் ஒரு பள்ளி ஆசிரியை மீது ஒளிபரப்பான மறைகாமிராக் காட்சி ஜோடனை என்று தெரிவதற்குள், கூட்டம் அவரை அடித்து ஆடையைக் கிழித்துவிட்டதைச் சொன்னோம். வாலிபர் தலை குனிந்து நின்றார். அந்த உறுப்பினரின் மகன் அப்போது நம் மதரஸாவில்தான் ஓதிக்கொண்டிருந்தான்.