பேரம் பேசும் முகம்

பழைய பத்திரிகை தேடி அலைகிறவர்களுக்கென்று ஒரு முகம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எதிலும் பெரிய ஆர்வமில்லை, சும்மா பொழுதுபோகாமல் வந்தேன் என்கிற மாதிரி ஒரு முகம். பல மாதமாகத் தேடிய இதழ் கையில் சிக்கிய நொடியில்தான் அந்த முகம் இன்னும் கூடுதலாகச் சோம்பல் காட்டும். இதழை அலட்சியமாகப் புரட்டுவார். கீழே போடுவார். பிறகு தனக்கு வேண்டாத இரண்டு சினிமாப் பத்திரிகைகளை எடுத்து, நடுவில் இதையும் செருகி, ‘‘எல்லாத்துக்கும் சேர்த்து எவ்வளவுப்பா?’’ என்பார்.

எதற்கு இந்த நாடகம்? வியாபாரி பத்திரிகையைப் படிப்பதில்லை. உங்கள் முகத்தைப் படிக்கிறார். கண்ணில் லேசாக ஒரு மின்னல் தெரிந்தால் போச்சு, விலை ஏறிவிடும்!

டெல்லி தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் இந்த வித்தையைக் கரைத்துக் குடித்தவர்கள் நிறையப் பேர். அறுபதுகளிலிருந்து, கடைகள் பூட்டிக்கிடக்கும் ஞாயிறுகளில், டெல்லி கேட் பக்கத்து நடைபாதை முழுக்கப் புத்தகங்கள் விரிந்து கிடக்கும். 2019-ல் நீதிமன்ற உத்தரவால் நடைபாதையை விட்டு எழுந்து, கொஞ்சம் தள்ளி மகிளா ஹாட் வளாகத்துக்குள் போய் உட்கார்ந்தது சந்தை. அங்கே வருகிற சரக்கு பெரும்பாலும் எடைக்குப் போட்டதுதான். வீட்டில் ஒரு பெரியவர் கண்ணை மூடுகிறார். அவர் நாற்பது வருஷம் சேர்த்துவைத்ததை, ‘‘தூசிடா சாமி’’ என்று பிள்ளைகள் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிடுகிறார்கள். அப்படித்தான் பழைய இல்லஸ்டிரேட்டட் வீக்லியும், லைஃப் பத்திரிகையும் சாக்கு விரிப்புக்கு வந்து சேர்கின்றன.

எனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே ‘சங்கர்ஸ் வீக்லி’ இதழ்கள் நான்கைப் பார்த்தார். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1948-ல் டெல்லியில் தொடங்கி, 1975-ல் எமர்ஜென்சி நேரத்தில் மூடிய பத்திரிகை. ஓ.வி.விஜயன் மாதிரியான ஆட்கள் வரைந்த இடம். வியாபாரி கேட்டது நூறு ரூபாய். சேகரிப்பவர்களிடம் பல மடங்குக்குப் போகும் என்று நம் ஆளுக்குத் தெரியும். ஆனாலும், ‘‘கிழிஞ்சிருக்கே, அறுபது வெச்சுக்க’’ என்றார். எண்பதில் முடிந்தது. இதை ஒரு வீரக்கதையாகச் சொல்லிச் சிரித்தார்.

இதில் தப்பு உண்டா, இல்லையா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

‘அவருக்கு நஷ்டமில்லையே, கிலோ கணக்கில் வாங்கியவர்தானே’ என்பீர்கள். நியாயம். ‘எனக்கு மதிப்பு தெரியும் என்றால், அது எத்தனையோ ஞாயிறுகள் வெயிலில் நின்று கற்றது. அந்தப் படிப்புக்குக் கூலி வேண்டாமா?’ அதுவும் நியாயம். தேடுகிறவன் இல்லாவிட்டால் அந்த இதழ் வேர்க்கடலைப் பொட்டலமாகியிருக்கும். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, ஊர் வேண்டாமென்று ஒதுக்கிய அச்சுத்தாள்களையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக்க வழிசெய்தது. ஒவ்வொரு தாளுக்கும் முழு மதிப்பைக் கொடுத்துத்தான் வாங்கணும் என்றால் அப்படியொரு நூலகம் எங்கிருந்து வரும்?

ஆக, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வருவதை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். விலை சொன்னது அவர். அது அவருக்குக் கட்டுப்படியாகிற விலை.

ஆனால் அந்த அறுபது? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. குறைவு என்று தெரிந்த விலையையே இன்னும் குறைக்கச் சொல்வதற்கு அந்தப் படிப்பு எதற்கு? ‘கிழிஞ்சிருக்கே’ என்று சொன்னபோது அவர் மௌனமாக இல்லை. இது மதிப்பில்லாத சரக்கு என்று ஒரு பொய்யை வியாபாரியிடம் விற்றிருக்கிறார். இருபது ரூபாய்க்காக!

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றி ஒரு பாராட்டு வருகிறது. வாங்கும்போது அதிகம் எடுக்கவும் மாட்டார்களாம், கொடுக்கும்போது குறைக்கவும் மாட்டார்களாம். இதில் வாங்குவதைத்தான் புலவர் முதலில் சொல்கிறார். நாம் எடைக்கல்லைப் பார்த்தே பழகிவிட்டோம். குறைத்துக் கொடுத்தால் சண்டைக்குப் போவோம். கூடுதலாக வாங்கிவிட்டாலோ அதற்குப் பெயர் அதிர்ஷ்டம்.

‘வைத்துப் படிக்கத்தானே வாங்கினார், விற்கவா போகிறார்?’ என்று நீங்கள் கேட்கலாம். படிக்க என்றால் கணக்கு கொஞ்சம் வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். அடுத்த வாரமே பத்து மடங்குக்குக் கைமாற்றுகிறவர், அடுத்த ஞாயிறு அதே விரிப்புக்குப் போய் ஒரு ஐந்நூறை நீட்டலாம். சட்டம் கேட்காது. யாரும் கொடுத்து நான் பார்த்ததும் இல்லை.

இப்போதெல்லாம் விரிப்புக்காரர் கையிலும் செல்போன் இருக்கிறது. அட்டையைப் போட்டோ எடுத்து, இணையத்தில் என்ன விலை என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார் சில பேர். நம் நண்பருக்கு அதில் ரொம்ப வருத்தம். ‘‘முன்ன மாதிரி இல்லை சார், ஆளைப் பார்த்து விலை சொல்றாங்க... நம்பி வாங்க முடியலை’’ என்கிறார்.