கோடம்பாக்கத்திடம் அனுமதி கேட்காதே!

"சினிமா எடுக்கணும்னா சென்னைக்குப் போயாகணும்" என்று திருச்சியில் இனி ஒருவரும் சொல்லக் கூடாது. ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், நெஞ்சுக்குள் ஒரு கதையை வைத்துக்கொண்டு, அதைப் பக்கத்து சீட்டுக்காரனிடம்கூடச் சொல்லக் கூசுகிற தம்பியே, தங்கையே, உன்னிடம்தான் பேசுகிறேன். கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோகூட முளைக்காத காலத்தில், தென்னாட்டின் ஊர் ஊராகச் சினிமாவைக் கொண்டுபோன முதல் இந்தியர் கிளம்பியது உன் ஊரிலிருந்துதான்.

1905. சாமிக்கண்ணு வின்சென்ட், கோயம்புத்தூர்க்காரர், வயது 22. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைபடம் வரைகிற வேலை. மாதச் சம்பளம் 25 ரூபாய். அந்த நேரம் பார்த்து, படம் காட்டிக்கொண்டே ஊர் சுற்றி வந்த டூபான் என்ற பிரெஞ்சுக்காரர் திருச்சியில் நோயில் விழுந்தார். புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டு நாடு திரும்பப் பார்த்தார். விலை 2,250 ரூபாய்.

கணக்குப் போடு. 90 மாதச் சம்பளம்! ஒரு வாய் சோறு தின்னாமல், ஒரு வேட்டி வாங்காமல், ஏழரை வருஷம் சேர்த்தால்தான் அந்தத் தொகை. அது ஒரு பிழைப்பா, நாலு நாள் வேடிக்கையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட ஊரில் ஆள் கிடையாது. இங்கே நம்மவர் யாரும் அதுவரை அந்தத் தொழிலைச் செய்ததில்லை. வின்சென்ட் பணத்தைப் புரட்டினார். வாங்கினார். ரயில்வே வேலையை விட்டு வெளியே வந்தார்.

மின்சாரம் எட்டிப் பார்க்காத ஊர்களில் கூடாரம் அடித்து, கையால் சுற்றிச் சுற்றி ஏசுநாதரின் வாழ்க்கையைத் திரையில் ஓட்டினார். ஊமைப் படம்தானே, மொழி குறுக்கே நிற்கவில்லை. திருச்சியில் தொடங்கியவர் மதுரை, லாகூர், பெஷாவர் என்று போய், பர்மா வரை படம் காட்டினார். 1909இல் சென்னை எஸ்பிளனேடு மைதானத்தில் அவருடைய கூடாரம் எழுந்தது. 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். திருச்சியில் கைமாறிய ஒரு புரொஜெக்டர் செய்த வேலை இத்தனையும்!

நீயும் நாளைக்கே வேலையை விட்டுவிடு என்று நான் தூண்டவில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்; அதை மறந்து வீரம் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் சம்பளம் சின்னது என்பதால் உன் ஆசையும் சின்னதாக இருக்க வேண்டும் என்று எவன் சொன்னாலும் நம்பாதே.

1933இல் வின்சென்ட் கல்கத்தா பயனீர் ஸ்டூடியோவோடு சேர்ந்து 'வள்ளி திருமணம்' எடுத்தபோது, வள்ளியாக நடித்தவர் டி.பி. ராஜலட்சுமி. திருவையாற்றில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே கட்டி வைத்த கல்யாணம் முறிந்தது, அப்பாவும் போய்விட்டார். தாயோடு திருச்சிக்கு வந்து நாடகக் கம்பெனியில் சேர்ந்த சிறுமி அவர். அன்றைய ஊர் வாய் அவரை என்னவெல்லாம் பேசியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு எரிகிறது. அவர் 1931இல் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸி'ன் கதாநாயகி ஆனார். அதோடு நின்றாரா? 1936இல் 'மிஸ் கமலா'. தான் எழுதிய நாவல், தன் திரைக்கதை, தன் இயக்கம், தன் தயாரிப்பு, தானே கதாநாயகி. தமிழின் முதல் பெண் இயக்குநர்! இயக்குநர் நாற்காலியில் ஒரு பெண் உட்காரலாமா என்று அவர் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. வீட்டில் வாய் திறக்கத் தயங்குகிற தங்கையே, இந்தப் பெயரை எழுதி உன் மேசைக்கு மேலே ஒட்டு.

"எனக்கு வயசாயிடுச்சு சார்" என்கிற முப்பத்தைந்து வயதுக்காரர்களும் கேளுங்கள். போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் 1908இல் பிறந்த மனோயல் டி ஒலிவேரா முதல் முழுநீளப் படத்தை 1942இல் எடுத்தார். அடுத்த முழுநீளப் படம் 1963இல்! நடுவில் சர்வாதிகார ஆட்சி. குடும்பத் தொழிற்சாலையையும் திராட்சைத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். எண்பது வயதுக்குப் பிறகு ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு படம் எடுத்தார். 2012இல் கடைசி முழுநீளப் படம் வெளிவந்தபோது அவர் வயது 103.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான சாட்சி வேண்டுமா? பின்னாளில் கவிஞர் வாலி ஆன ரங்கராஜன், அச்சகத்துக்குக் காத்திராமல் ஸ்ரீரங்கத்திலேயே நண்பர்களோடு கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர். கையால் எழுதி, கைக்குக் கை மாற்றிப் படித்தார்கள்.

உன் சட்டைப் பையில் கேமரா இருக்கிறது. அதற்கு நீ ஏழரை வருஷச் சம்பளம் கொடுக்கவில்லை. கூடாரம் சுமக்க வேண்டாம், கையால் சுற்ற வேண்டாம். காந்தி மார்க்கெட்டில் விடியுமுன்னே மூட்டை இறக்குகிறவர், உறையூரில் தறி மிதிக்கிற பெரியவர், அம்மா மண்டபத்துப் படித்துறையில் பூ விற்கிற அக்கா... இவர்களில் ஒருவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை போ. மரியாதையாகக் கேட்டு, சம்மதம் வாங்கி, மூன்று நிமிடப் படம் எடு. புதன்கிழமைக்குள் வெட்டி ஒட்டி முடி. சனிக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, தெருவில் பத்துப் பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டு. முதல் வரிசையில் அந்தப் படத்தில் இருப்பவரை உட்கார வை.