விடுமுறை யாருக்கு ஓய்வு?

பள்ளி என்னும் சொல்லுக்குப் படுக்கை, உறைவிடம், துறவியர் தங்குமிடம் எனத் தமிழில் பல பொருள்கள் உண்டு. சமண முனிவர் தங்கிய பள்ளிகளில் கல்வியும் நிகழ்ந்தமையால், கற்குமிடமும் பள்ளியெனப் பெயர் பெற்றது என்பர் அறிஞர். ‘ஸ்கூல்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் ஓய்வு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்ததேயாகும். எனவே கல்விக்கும் ஓய்வுக்கும் இயல்பாகப் பகையில்லை. வயிற்றுப்பாட்டுக்கான உழைப்பினின்று விடுபட்ட பொழுதே கற்பதற்குரிய பொழுது என முன்னோர் கருதினர் போலும். இதனை மனத்திற்கொண்டு, பெற்றோரிடையே இந்நாளில் அடிக்கடி எழும் வினாவொன்றை ஈண்டு ஆராய்வோம். பள்ளி வாரத்தைச் சுருக்குவதும் இடையிடையே விடுமுறை நாட்களை மிகுப்பதும் பிள்ளைகளுக்கு நன்மை பயக்குமா?

இவ்வினாவுக்குப் பெற்றோர் அனைவரும் ஒரே விடை பகர்வதில்லை. ஒரு சாரார், “பிள்ளைகள் விடியுமுன் எழுகின்றனர், தம் எடைக்கு மிஞ்சிய புத்தகப் பையைச் சுமக்கின்றனர், பள்ளி விட்டதும் பிரத்தியேக வகுப்புக்கு ஓடுகின்றனர். வாரத்தில் இன்னும் ஒரு நாள் எங்களோடு இருந்தால் என்ன குறைந்துவிடும்?” என்கின்றனர். இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்துச் சிற்றூர்ப் பள்ளிகள் சில நான்கு நாள் வாரத்தைக் கைக்கொண்டன. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அம்முறை காணப்படுகிறது. மற்ற நாட்களின் பள்ளி நேரத்தை நீட்டி இழப்பை ஓரளவு ஈடுசெய்கின்றனர். குடும்பத்தோடு கூடியிருக்கப் பொழுது கிடைக்கிறது என அங்குப் பெற்றோர் பலர் மகிழ்கின்றனர். ஷார்ஜாவிலும் 2022 முதல் நான்கு நாள் பள்ளி வாரம் நடப்புக்கு வந்தது.

மற்றொரு சாராரின் விடை ஒரு வினாவாகவே வருகிறது. “நாங்கள் வேலைக்குப் போனபின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?” பாடம் குறையுமே என்னும் கவலைக்கு முன்னே இவர்களுக்கு இக்கவலை நிற்கிறது.

இவ்விரு குரல்களையும் பகாங் மாநிலத்தின் கேமரன் மலைப் பகுதியில் வைத்து எண்ணிப் பார்த்தல் தகும். தானா ராத்தா அம்மலையின் தலைமை நகர். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய காலந்தொட்டு, அங்குத் தமிழர் உழைப்பு மண்ணோடு கலந்துள்ளது. தானா ராத்தாவிலும் ரிங்லட்டிலும் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. இன்று தேயிலையை மட்டுமே நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன. காய்கறித் தோட்டம், தங்கும் விடுதி, உணவகம், கடை, வாடகை வண்டி எனத் தொழில்கள் பலவாகப் பிரிந்துள்ளன. ஆயினும் இவற்றுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. கொழுந்து பள்ளி நாட்காட்டியைப் பார்த்துத் துளிர்ப்பதில்லை; பருவத்தில் பறிக்காவிடின் முற்றிவிடும். விடுதிக்கும் உணவகத்துக்குமோ பள்ளி விடுமுறையே அறுவடைக் காலம். நாடெங்கும் பள்ளிகள் மூடப்படும்போது, குளிர்காற்றை நாடிக் குடும்பங்கள் மலையேறி வருகின்றன. பாதையெல்லாம் வண்டிகள் நெருக்குண்டு நிற்கின்றன. சமவெளியில் ஒரு தந்தை தம் பிள்ளையைத் தேயிலைச் சரிவைக் காட்ட அழைத்து வரும் நாளில், மலையில் வாழும் தந்தை அப்பிள்ளைக்கு உணவு பரிமாறிக்கொண்டிருக்கிறார். அவருடைய பிள்ளை வீட்டில் தனித்திருக்கிறது. தானா ராத்தா என்னும் மலாய்ப் பெயருக்குச் சமநிலம் என்பது பொருள். விடுமுறை நாளில் மட்டும் பெற்றோர் அனைவரும் சமநிலத்தில் நிற்பதில்லை.

சட்டத்தை நோக்கினும் இவ்வேறுபாடு புலனாகும். மலேசிய வேலைவாய்ப்புச் சட்டம் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வையே உறுதி செய்கிறது. பள்ளிப் பிள்ளைக்கோ இரண்டு நாள். வேலை நேரத்தின் உச்ச வரம்பு 2023 சனவரி முதல் வாரத்துக்கு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. அஃதாவது பதினாறில் ஒரு பங்கு குறைந்தது. பள்ளி வாரத்தில் ஒரு நாளைக் கழித்தால் ஐந்தில் ஒரு பங்கு குறையும். பெற்றோரின் வாரமும் பிள்ளையின் வாரமும் இவ்வாறு மேலும் விலகிச் செல்லும். ஒருபுறம், 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமெனப் பெற்றோரைச் சட்டம் பணிக்கிறது. மறுபுறம், தக்க மேற்பார்வையின்றிச் சிறாரை விட்டுச் செல்வது குற்றமென 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் கூறுகிறது. கதவை அடைத்துவிட்டுக் காவலையும் தாயிடமே கேட்டால், அத்தாய் அன்றாடக் கூலியை இழப்பதா, பிள்ளையைத் தனியே விடுவதா?

முன்னாளில் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. லயத்தில் பாட்டி இருந்தார். அடுத்த வீட்டு அக்காள் இருந்தார். இன்றைய சிறு குடும்பத்துக்கு இத்துணை இல்லை. விடுமுறையின் பொறுப்பு கைப்பேசியிடம் ஒப்படைக்கப்படுகிறது.

பள்ளிப்பொழுதைச் சுருக்குவது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. சென்னை மாநிலத்தில் 1953இல் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளுக்கு ஒரு திட்டம் வகுத்தார். பிள்ளைகள் முறைவைத்து நாள்தோறும் மூன்று மணி நேரம் பள்ளியில் பயில்வர். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்பர். இருக்கும் கட்டடங்களையும் ஆசிரியரையும் கொண்டு மிகுதியான பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அவர் கருத்து. உடலுழைப்பை மதிக்கும் எண்ணமும் அதிலிருந்தது. ஆயினும் மக்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் எனப் பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் அவர் பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டமும் கைவிடப்பட்டது. கற்றவர் வீட்டில் எஞ்சிய பொழுது நூலாக மாறும். உழைப்பவர் வீட்டில் அது உழைப்பாகவே மாறும் என்பதை அம்மக்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

மலாயாத் தோட்டப்புறத்திலும் நிலை இதுவே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்டம் ஒரு பள்ளியை அமைக்கவேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயினும் களையெடுப்பிலும் பால்வெட்டிலும் பிள்ளைகள் பெற்றோருக்குத் துணைநின்றதை முதியோர் அறிவர். பள்ளியில் கழிந்த பொழுது ஒன்றே அப்பிள்ளைகளுக்கு உழைப்பினின்று விடுதலை தந்தது. பள்ளி என்னும் சொல்லில் ஓய்வு ஒளிந்திருப்பதன் பொருளை நூலறிவின்றியே அவர்கள் வாழ்ந்து கண்டனர்.

இதற்கு அண்மைச் சான்றும் உண்டு. நச்சுநுண்மிப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சு 18இல் நம் நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு கல்வி அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில், ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவரிடம் எவ்வகை மின்னியல் கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. கதவுகள் எல்லார்க்கும் ஒன்றாகவே மூடின. இழப்போ ஒன்றாக இல்லை.

அவ்வாறாயின் விடுமுறையே தீதா? அன்று. ஆசிரியரும் மனிதரே, அவர்க்கும் ஓய்வு வேண்டும். பிள்ளைக்கு விளையாட்டும் உறவும் திருவிழாவும் வேண்டும். தைப்பூசம் பொது விடுமுறையாக இல்லாத மாநிலங்களில் தமிழ்ப்பள்ளிகள் தமக்குரிய சிறப்பு விடுமுறையை அந்நாளுக்கு ஒதுக்குவதுண்டு. அந்நாள் பிள்ளையைப் பெற்றோரோடு சேர்க்கிறது. அத்தகைய விடுமுறை கல்வியின் ஒரு பகுதியே. தேர்தல் வெற்றியை ஒட்டித் திடீரென அறிவிக்கப்படும் நாட்களின் இயல்பு வேறு. 2018 மே 10, 11ஆம் நாட்களும், 2022 நவம்பர் 28ஆம் நாளும் இவ்வாறு வந்தவையே. திட்டமிட வாய்ப்புள்ளவர்க்கு அவை கொடை. நாட்கூலி பெறும் தாய்க்கு அவை ஒரு சிக்கல்.

ஆகவே விடுமுறையை எண்ணிக்கையால் அளப்பது போதாது. அந்நாளில் பிள்ளையின் கையை யார் பற்றியிருப்பார் என்னும் வினாவே அதற்குரிய உரைகல். இதற்கு விடை காணாமல் ஒரு நாளைக் கழிப்பவர், தமக்கு உரிமையில்லாத பொருளைத் தானம் செய்பவராவர். அந்நாள் பிள்ளையுடையது, அதிலும் வீட்டில் நூலும் துணையும் இல்லாத பிள்ளைக்கு அஃது ஒரு பெருஞ்சொத்து.

ஆசிரியப் பெருமக்கள் இதில் செய்யத்தக்கவை சில உள. பள்ளி தானே தேர்ந்துகொள்ளும் விடுமுறை நாட்களைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு கலந்து முடிவு செய்யலாம். ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவிக்கலாம். பெற்றோர் ஓய்வின்றி உழைக்கும் சுற்றுலாப் பருவத்தில், முறைவைத்து நூலகத்தையேனும் திறந்து வைக்கலாம். இது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. விடுமுறைப் பட்டியல் வெளியாகும்போது மகிழும் மாணவரிடையே, முகம் வாடி நிற்கும் ஒரு பிள்ளையையும் ஆசிரியர் கவனித்தல் வேண்டும். வாரம் எத்தனை நாள் என்பதை முடிவு செய்வோர் முதலில் அப்பிள்ளையின் வீட்டு நிலையை அறிவாராக.