விலை ஏறினால் யார் குற்றவாளி?



மதீனாவில் ஒருமுறை விலைவாசி ஏறியது. மக்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, விலையை நிர்ணயித்துத் தருமாறு கேட்டார்கள். நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். விலையை நிர்ணயிப்பவன் அல்லாஹ்வே என்றும், எவருடைய பொருளிலும் அநியாயம் செய்தவராக இறைவனைச் சந்திக்கத் தாம் விரும்பவில்லை என்றும் விளக்கினார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி நூல்களில் உள்ளது.

ஏழைகள் மீது அத்தனை இரக்கம் கொண்ட நபியவர்கள் ஏன் மறுத்தார்கள்?

சிந்தித்துப் பாருங்கள். ஊரில் தானியம் குறைகிறது, விலை ஏறுகிறது. நான்கு படி வாங்க வந்தவர் இரண்டு படியோடு நிறுத்திக்கொள்கிறார். மீதி இன்னொருவருக்குக் கிடைக்கிறது. வெளியூர் வியாபாரி செய்தி கேட்டுத் தன் ஒட்டகங்களை இந்த ஊர்ப் பக்கம் திருப்புகிறார். சரக்கு வந்ததும் விலை இறங்குகிறது. யாரும் யாருக்கும் உத்தரவிடவில்லை. மாறாக, குறைந்த விலைக்கே விற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், முந்தி வந்தவர்கள் அள்ளிச் சென்றுவிடுவார்கள். வியாபாரியோ வேறு ஊருக்குப் போய்விடுவார். தட்டுப்பாடு அப்படியே இருக்கும்.

அப்படியானால் சந்தையை அதன் போக்கில் விட்டுவிட்டார்களா? இல்லை. பதுக்குபவன் பாவி என்றார்கள். சரக்கு கொண்டு வருபவரை ஊருக்கு வெளியிலேயே மறித்து வாங்குவதைத் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்தபின் அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ளவும் உரிமை கொடுத்தார்கள். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டுபிடித்துக் கண்டித்தார்கள். இந்த மூன்றிலும் குற்றம் ஒன்றுதான்: மறைத்தல். ஒருவன் சரக்கை மறைக்கிறான், ஒருவன் விலையை மறைக்கிறான், ஒருவன் குறையை மறைக்கிறான்.

இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். சரக்கு குறைந்ததாலோ, வாங்குவோர் பெருகியதாலோ விலை ஏறினால் வியாபாரியைக் கட்டாயப்படுத்துவது அநியாயம். மக்களுக்கு அவசியமான பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, கூடுதல் விலை தந்தால்தான் விற்பேன் என்றால், நியாய விலைக்கு விற்க வைப்பது ஆட்சியாளரின் கடமை.

இன்னும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. விலை நேர்மையானதாகவே இருக்கட்டும். கையில் காசில்லாத விதவை என்ன செய்வார்? யாருக்குப் பசிக்கிறது என்று சந்தை கேட்பதில்லை, யாரிடம் காசு இருக்கிறது என்றுதான் கேட்கிறது. அந்த இடத்தில்தான் ஜகாத் கடமையாகிறது. வியாபாரியின் விலையைப் பிடுங்காமல், ஏழையின் கையை நிரப்புகிறது மார்க்கம்.

வியாபாரிகளே! இன்று விலை ஏறியது வரத்து குறைந்ததாலா, உங்கள் குடோன் பூட்டியிருப்பதாலா? வாங்குபவர்களே! தட்டுப்பாடு என்று கேட்டதும் ஐந்து மூட்டை வாங்கி அடுக்கினோமே, பக்கத்து வீட்டாரை நினைத்தோமா?

மறைக்காமல் விற்கவும், அளவோடு வாங்கவும், இல்லாதவருக்குக் கொடுக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.