கற்கக் கூசலாமா?

கண் மருத்துவர் கண்ணைப் பற்றிப் படிக்கக் கூசினால் நாம் நகைப்போம். வழக்கறிஞர் சட்ட நூலைத் தொட வெட்கப்பட்டால் வேறொருவரைத் தேடுவோம். ஆனால் மருத்துவரும் செவிலியரும் ஆசிரியரும் பாலுணர்ச்சியைப் பற்றி முறையாகப் பயில முற்பட்டால் மட்டும், "மணமானவர்கள்தாமே! அறியாததா? பட்டம் பெற்றுப் பணியில் அமர்ந்து பத்தாண்டு கழிந்த பின் இதற்கொரு மேற்படிப்பா?" என்று கேலி கிளம்புகிறது.

கேலிக்கு விடை ஃபிலடெல்ஃபியா நகரிலே கிடைக்கிறது. அமெரிக்க நாட்டின் முதல் மருத்துவக் கல்லூரி 1765இல் தோன்றிய நகரம் அது. அங்குள்ள மருத்துவக் கல்லூரிகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 1961இல் வெளியாயிற்று. நம் நாட்டில் கைப்பழக்கம் என்று காதோடு காதாகப் பேசுகிறார்களே, அந்தச் சுயஇன்பம் மனநோயை உண்டாக்கும் என்று மாணவரில் ஏறத்தாழப் பாதிப் பேர் நம்பினர், ஆண்டுக்கணக்கில் மருத்துவம் பயின்ற பின்னரும்! மாணவர் கிடக்கட்டும்; ஆசிரியருள் ஐவருக்கு ஒருவர் அதனையே நம்பினர்!

எங்கிருந்து வந்தது இந்த நம்பிக்கை? எந்த மடாதிபதியும் ஆணையிட்டு இவர்களை நம்பவைக்கவில்லை. 1760இல் திஸ்ஸோ என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். விந்து வீணாவதால் உடலும் அறிவும் அழியும் என்றார். இருநூறு ஆண்டுகள் உருண்டோடின. அச்சம் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பூசாரி சொன்னால் "சான்று எங்கே?" என்று கேட்கும் அறிவு, பட்டதாரி சொன்னபோது கைகட்டி நின்றது. மூடநம்பிக்கைக்கு உடுக்கையும் வேப்பிலையுமே அடையாளம் என்றெண்ணும் தோழர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம். வெள்ளை அங்கி அணிந்தும் அது வரும்.

நம் நாட்டிலும் இதே அச்சம் உண்டு. தாது கெட்டு உடல் உருகுகிறதென்று அஞ்சி நலிந்து வரும் இளைஞரின் நிலையைத் 'தாது நோய்க்குறி' எனப் பெயரிட்டு 1960இல் எழுதினார் இந்திய மனநல மருத்துவர் விக். தமிழகத்திலோ, "வாலிப வயோதிக அன்பர்களே!" என்று விளித்து விடுதி அறைக்கு அழைக்கும் விளம்பரங்களை அறியாதார் யார்? அங்கே இளைஞனின் நடுக்கம் காசாகிறது. ஆனால், அந்த அறைக்கு அவனை அனுப்பியவர் யார்? பாடத்தின் அந்தப் பக்கத்தைப் புரட்டித் தள்ளிய ஆசிரியர்! கேள்வியைக் கேட்டதும் முகம் திருப்பிய மருத்துவர்!

நாம் எழுப்பும் அறக்கேள்வி இதுதான். தன்னளவில் வாழும் ஒருவன் அறியாதிருந்தால் அவனே துன்புறுவான். பிறர் நம்பி நாடும் இடத்தில் அமர்ந்திருப்பவர் அறியாதிருந்தால் துன்பம் யாருக்கு? கூச்சம் அவருடையது, அதற்கான விலையைக் கொடுப்பவர் எதிரே அமர்ந்திருப்பவர். இதனை நேர்மை என்று எந்த நெறி ஒப்பும்?

அனுபவம் போதாதா என்பர். உண்ணத் தெரிந்தவரெல்லாம் குடல்நோய் மருத்துவரா? ஒருவரின் அனுபவம் ஒருவருடையதே. தம் வாழ்வே உலகியல்பு என்று நம்பத் தொடங்கினால், முதுமையிலும் துணை நாடுவோரை, ஒருபால் விழைவோரை, வன்கொடுமைக்கு ஆளாகி வாய்மூடியிருப்போரை அவர் எங்ஙனம் புரிந்துகொள்வார்?

ஒழுக்கம் குலையும் என்பர். அறிவு மட்டுமே மனிதனை நல்லவனாக்கிவிடும் என்று நாமும் சொல்லவில்லை. கற்றவரும் தீங்கு செய்வர். ஆகவேதான் உடற்கூற்றோடு இசைவின் மதிப்பும், மறை காக்கும் கடமையும், தம் வெறுப்பு விருப்புகளைத் தாமே ஆராயும் பயிற்சியும் பாடமாக வேண்டும் என்கிறோம்.

நோய் கண்ட இடத்திலேயே மருந்தும் தேடினர். அதே ஃபிலடெல்ஃபியாவில், பென்சில்வேனியா பல்கலைக் கழகத்திலே, மருத்துவக் கல்வியில் பாலியலைச் சேர்ப்பதற்கென 1968இல் ஒரு மையம் கண்டார் மனநல மருத்துவர் ஹரால்ட் லீஃப். 1974இல் உலக சுகாதார நிறுவனம் ஜெனீவாவில் வல்லுநரைக் கூட்டியது. மருத்துவத் துறையினர்க்குப் பாலியற் பயிற்சி தேவை என்பதை விளக்கும் அறிக்கையை 1975இல் வெளியிட்டது. பென்சில்வேனியாவில் வளர்ந்த பட்டமேற்படிப்பு 1999இல் அருகிலுள்ள வைடனர் பல்கலைக் கழகத்துக்கு மாறியது. வாரமெல்லாம் பணியாற்றுவோரும் பயிலும் வண்ணம் வார இறுதியிலே வகுப்புகள் நடந்தன. நரை கண்டவரும் மாணவராய் அமர்ந்தனர்.

அவ்வாறு அமர்வது இழுக்கா? பட்டம் பெற்ற நாளோடு ஐயத்துக்கும் விடைகொடுத்துவிட்டவரே நமக்கு அச்சமூட்டுகிறார். நடுங்கி வரும் இளைஞனிடம், "இது நோயன்று தம்பி, அஞ்சாதே" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அதனை ஐயமறச் சொல்லும் தகுதியைப் பெறச் சில ஆண்டுகள் படிக்க நேர்ந்தால், படிக்கட்டும்! அந்த ஆண்டுகளை வீண் என்பவர், விடுதி அறை வாசலில் நிற்கும் இளைஞனைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.